சாம்பலுக்கு ஓரம் கிடையாது

அந்த அக்காவின் வலது கட்டைவிரல் எப்போதும் கறுத்துத்தான் இருக்கும். ஓசூரில் எங்கள் கம்பெனியில் ரப்பர் வளையம் பார்த்த பெண்கள் எல்லோருக்கும் விரலில் கொஞ்சம் கறுப்பு ஏறும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து துணி துவைத்தால் பாதி போய்விடும். அவருக்கு மட்டும் ரேகைக்குள் இறங்கியிருந்தது. தாலுகா ஆபீசில் கைரேகை வைக்கப் போனால் உங்களுக்கு மை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் பத்தாவது படித்தவர், முத்துமுத்தாகக் கையெழுத்துப் போடுவார். கேலி செய்கிறவர்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு சக்கர வண்டியின் பிரேக்குக்குள் எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் வைப்பார்கள். மோதிரம் அளவுதான் இருக்கும். அச்சிலிருந்து வரும் வளையங்களை டியூப்லைட்டுக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதை நீல ட்ரேயிலும் கெட்டதைச் சிவப்பு ட்ரேயிலும் போடவேண்டும். இருபத்திரண்டு பெண்கள், நீளமாக இரண்டு மேசைகள். பிசிறு, வெட்டு, பள்ளம் எல்லாம் சிவப்பு. இதில் ஒரே ஒரு தொல்லை உண்டு. குளிர் காலத்தில் ரப்பரின் மேல் வெள்ளையாக ஏதோ பூக்கும். நாங்கள் அதைச் சாம்பல் என்போம். கட்டைவிரலால் ஒரு துடை துடைத்தால் போய்விடும், வளையம் நல்ல வளையம்தான். ஆனால் சில வளையங்களில் சாம்பலைத் துடைத்தால் அடியில் பள்ளம் இருக்கும். ஓசூர்க் குளிரில் வருஷத்தில் நாலைந்து மாதம் எங்களுக்குச் சாம்பல் துடைக்கிற வேலைதான்.

அக்காவை எது கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "தொட்டுப் பாத்துட்டு சொல்றன்." தக்காளி வாங்கலாமா என்றாலும் அதுதான், புதுப் புடவை நல்லா இருக்கா என்றாலும் அதுதான். என் குழந்தைக்கு ஜுரம் என்று நான் லீவு கேட்டபோதுகூட, சூப்பர்வைசர் எழுதிக் கொடு என்றார். அக்காவோ சாயங்காலம் என்னோடு வீட்டுக்கே வந்து, குழந்தையின் கழுத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜுரமில்ல, சூடு. வெந்தயம் ஊறவெச்சி குடு," என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

நாங்கள் குடியிருந்த லைன் வீட்டை வாடகைக்கு எடுக்குமுன் பார்க்க அவரைத்தான் கூட்டிப் போயிருந்தேன். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், எனக்கு இந்த ஊர்க் குளிரும் தெரியாது, சுவரும் தெரியாது. அக்கா உள்ளே போய் நாலு சுவரையும் விரலால் தடவினார். "வாணாம்மா, ஈரம் நிக்குது," என்றார். வாடகை குறைவு என்று நான் அதையே எடுத்தேன். மழை பிடித்ததும் சுவரெல்லாம் பூஞ்சை. அதற்கப்புறமும் அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு அவரிடம் கொஞ்சம் பயமாவது இருந்திருக்கும்.

அவருக்கு ஜவளகிரிப் பக்கம் காட்டோரத்தில் ஒரு ஊர். வீட்டில் தெலுங்கு, வயலில் கன்னடம், எங்களோடு தமிழ். தேன்கனிக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஓசூருக்கு ஒரு பஸ். ராகி முற்றுகிற சமயத்தில் யானை ரோட்டுக்கு வந்துவிட்டால் முதல் பஸ் நின்றுவிடும், அக்கா தாமதமாக வருவார். "ஆனை நின்னுக்கிச்சிங்க சார்," என்பார். சூப்பர்வைசர் சேலத்துக்காரர், யானையைக் கோயிலில் மட்டும் பார்த்தவர். "அப்ப ஆனைகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாம்மா," என்பார். மேசையே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். யானை ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் அக்காவின் வயலில் மேய்ந்துவிட்டுப் போயிருக்கும் என்பதும், அந்த வருஷம் அவர் வீட்டில் ராகி இல்லை என்பதும் எங்களுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. அவருடைய புருஷன் வருஷம் முழுக்கப் பாடுபடுவார், வீடு ஓடியது என்னவோ அக்காவின் சம்பளத்தில்தான்.

மாதக் கடைசியில் லாரி நிற்கும், பெட்டி நிறையாது. அப்படி ஒரு நாள் சூப்பர்வைசர் அக்காவிடம் வந்து, "இன்னிக்கி ஒரு நாள் கொஞ்சம் கண்ண மூடிக்கம்மா," என்றார். அக்கா நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு, விரலால் மட்டும் தடவித் தடவிக் கெட்டதைச் சிவப்பில் போட்டுக்கொண்டே இருந்தார். மற்ற நாளைவிட இரண்டோ மூன்றோ கூடத்தான் போயிருக்கும். சூப்பர்வைசர் முதலில் கத்தினார், அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். இந்தப் பிடிவாதத்தைத்தான் நாங்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். அது எங்கள் மேலேயே திரும்பும் என்று யார் கண்டது?

எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட சமயம் அது. கம்பெனியில் ஒரு கண்ணாடி அறை கட்டி, ஏசி போட்டு, கேமரா வைத்த மெஷின் ஒன்றை இறக்கினார்கள். கூடவே பெங்களூரிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். முப்பது வயதிருக்கும், கோயம்புத்தூர்க்காரர், ரொம்ப மரியாதையானவர். எங்களை வாழ்க்கையில் முதல்முதலாக மேடம் என்று கூப்பிட்டவர் அவர்தான். மெஷின் வளையத்தைப் படம் பிடிக்கும், ஆனால் எது நல்லது எது கெட்டது என்று அதற்குத் தெரியாது. யாராவது சொல்லித்தர வேண்டும். இருப்பதில் நல்ல கண் யாருக்கு என்று கேட்டார்கள். சூப்பர்வைசர் யோசிக்கவே இல்லை.

மூன்று மாதம் அக்கா அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார். திரையில் வளையத்தின் படம் பெரிதாக வரும். கீபோர்டில் இரண்டு கட்டைகள் மேல் பச்சை, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். நல்லதென்றால் பச்சை, கெட்டதென்றால் சிவப்பு. எங்களுக்குப் பொறாமைதான், ஏசி அக்கா என்று பேர் வைத்தோம். அவர் அந்தக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் நாள் நடந்ததை அவரே சொன்னார். சாம்பல் பூத்த வளையம் ஒன்று திரையில் வந்திருக்கிறது. அவர் பழக்கத்தில் கையை நீட்டித் திரையைத் துடைத்துவிட்டார். கண்ணாடியில் கறுப்பாக விரல் ரேகை. இஞ்சினியர் துணியால் அதைத் துடைத்துவிட்டு, "தொடக்கூடாது மேடம், பார்த்து மட்டும் அமுக்குங்க," என்றாராம்.

"தொடாம எப்டிங்க சொல்றது? சாம்பலா பள்ளமான்னு தெரியாதே."

"சந்தேகமா இருந்தா சிவப்பு அமுக்கிடுங்க மேடம். அதான் சேஃப்டி."

அக்கா அப்படியே செய்தார். மேசையில் துடைத்து நீலத்தில் போட்டிருப்பார், திரையில் துடைக்க முடியாது. அதனால் சாம்பல் என்றால் சிவப்பு.

இன்னொரு நாள் இஞ்சினியர் அவரைப் பாராட்டியிருக்கிறார். "நீங்க அமுக்கற ஒவ்வொண்ணும் டேட்டா மேடம். இனிமே நிலம், பில்டிங் எல்லாம் சொத்தே இல்ல, இதான் சொத்து."

"அது யாருதுங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

இஞ்சினியர் சிரித்தாராம். அக்கா சாமர்த்தியமாகக் கேட்டதாக நினைத்திருக்கலாம். அக்காவுக்குச் சாமர்த்தியம் கிடையாது, தெரியாததால் கேட்டார். பதில் வரவில்லை என்று என்னிடம் வந்து சொன்னார், எனக்கும் தெரியவில்லை.

மெஷின் கற்றுக்கொண்டு முடித்ததும் எங்களில் பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்று, எங்களைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்த கான்ட்ராக்டரின் ஆள் வாய்விட்டுவிட்டான். மறுநாள் சாப்பாட்டு வேளையில் சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில் அக்காவைச் சுற்றி உட்கார்ந்தோம். பேசியது நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா, நாலுக்கு ஒண்ணு மாத்தி அமுக்குங்க. யாருக்குத் தெரியப்போகுது? கண்ணு தெரியாத மெஷினுன்னு அவங்களே திருப்பி அனுப்பிருவாங்க. இருபத்திரண்டு குடும்பம்க்கா."

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். உள்ளே போனார். மத்தியானத்துக்கு மேல் மாற்றித்தான் அமுக்கினார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். டீ வந்தது, குடிக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து இஞ்சினியரிடம் போனார். என்ன சொன்னார் என்பது சூப்பர்வைசர் மூலம் எங்களுக்கு வந்தது. "மத்தியானத்துக்கு மேல அமுக்குனது அத்தினியும் தப்புங்க. அழிச்சிடுங்க."

ஏன் தப்பாக அமுக்கினீர்கள் என்று கேட்டதற்குத் தூக்கம் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நன்றியெல்லாம் எனக்கு அன்று தோன்றவில்லை. கேட்டுக்கு வெளியே நிறுத்தி, "எங்க வயித்துல அடிச்சிட்டீங்களேக்கா," என்று கத்தினேன்.

"அந்த வளையம் எந்த வண்டில போயி உக்காரப்போவுதோ," என்றார். "புள்ளைய முன்னாடி நிக்க வெச்சி ஓட்டறாங்கம்மா. நான் பச்சைன்னு அமுக்கிட்டு வீட்ல போயி எப்டி படுக்கறது?"

கோபத்தில் அந்த வாரம் முழுக்க யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவர் கண்ணாடி அறையிலேயே, மெஷினுக்குப் பக்கத்தில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. அக்காவுக்கு ஒரு டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள். கை தட்டினோம். அவர் மூடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "பிசிறு இருக்குது," என்று என் காதில் சொன்னார். அந்த மாதமே பதினெட்டுப் பேரைக் கான்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். பரிசு வாங்கியவரும் அந்தப் பதினெட்டில் ஒருவர்.

மீதி நாலு பேரில் நான் ஒருத்தி. எங்களை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. மெஷின் பிசாசு வேகத்தில் வளையங்களைப் பார்த்தது. பள்ளம், வெட்டு ஒன்றையும் விடவில்லை. ஆனால் சாம்பல் பூத்த வளையத்தைக் கண்டால் அத்தனையையும் சிவப்பில் தள்ளியது. அதில் முக்கால்வாசி நல்ல வளையம். அவ்வளவையும் தூக்கிப்போட முடியுமா? அதனால் சிவப்பு டப்பாவில் விழுந்ததைத் துடைத்துப் பார்த்து நல்லதைத் திரும்ப எடுக்க நாலு பெண்கள், சாம்பல் பூக்காத மாதங்களில் எங்களுக்குப் பெட்டி கட்டுகிற வேலை. சந்தேகமாக இருந்தால் சிவப்பு. அந்த மெஷினுக்குள் அக்காவின் சந்தேகம் இருந்தது, அந்தச் சந்தேகத்தில் நாங்கள் நாலு பேரும் இரண்டு வருஷம் சோறு தின்றோம்.

சாம்பலைத் துடைத்துக்கொண்டே இதைப் பற்றி நிறைய நினைத்திருக்கிறேன். மேசையில் பார்த்த நாளுக்கு அக்காவுக்கு அன்றைய சம்பளம். திரையில் பார்த்த நாளுக்கும் அதே சம்பளம்தான். மேசையில் பார்த்தது பெட்டியில் ஏறி லாரியில் போய் அன்றோடு முடிந்தது, மறுநாள் அவரை மறுபடி கூப்பிட்டாக வேண்டும். திரையில் அமுக்கியது முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போன பிறகும் அது தினமும் ஷிப்டுக்கு வந்தது, லீவு எடுக்கவில்லை, யானையால் தாமதமாகவில்லை. வேலை செய்தது அவர் கண்தான், ஆனால் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. அது யாருடையது என்று அவர் கேட்டதற்கு அப்போது பதில் தெரியவில்லை. தெரிந்தபோது சொல்வதற்கு அவர் பக்கத்தில் இல்லை.

புது மேனேஜர் ஒருவர் வந்தார். சிவப்பு டப்பா ஏன் இப்படி நிறைகிறது என்று கேட்டார். பெங்களூர் இஞ்சினியர் மறுபடி வந்தார், பழைய படங்களைப் புரட்டினார், காரணம் கண்டுபிடித்துவிட்டார். "அந்த மேடம் சாம்பலுக்கெல்லாம் சிவப்பு அமுக்கியிருக்காங்க. ஒரு மணி நேரம் அவங்க வந்து திருத்தினாப் போதும்." ஊர் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். நான் எதற்காகப் போகிறேன் என்று தெரிந்தேதான் பஸ் ஏறினேன்.

அக்கா தளி ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பூவைத் தண்டு நீளம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் முள் கிழித்திருந்தது, கட்டைவிரலின் கறுப்பு மட்டும் போகவில்லை. கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்றதும் எழுந்துவிட்டார். எத்தனை நாளைக்கு என்றுகூடக் கேட்கவில்லை. குழாயடியில் முகம் கழுவி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் அவர் பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அது என் தப்பும்மா. எனக்கே தெரியும். அப்ப தொட வுடல, என்னா பண்றது? ஆனா வூட்டுக்குப் போனப்பறம் கண்ண மூடுனா அந்தப் படந்தான் ஓடும். பாத்துப் பாத்து இப்ப புரிஞ்சிடுச்சி. சாம்பலுக்கு ஓரம் கெடையாது. அது எங்க முடியுதுன்னு தெரியாம முடியும். பள்ளத்துக்கு ஓரம் உண்டு. இப்ப காட்டட்டும், தொடாமலே சொல்லிடறன்."

சின்னப் பெண்போல முகம் மலர்ந்து சொன்னார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். அந்தத் தப்பில்தான் நாங்கள் நாலு பேரும் இருக்கிறோம் அக்கா, நீங்கள் திருத்திவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்று சொன்னேன். சாம்பலுக்குச் சிவப்பென்றே அமுக்குங்கள், இதில் யாருடைய பிரேக்கும் போகாது, நல்ல வளையம் வீணாகக் கீழே விழும், நாங்கள் பொறுக்கி எடுத்துக்கொள்வோம், அவ்வளவுதானே என்றேன். நன்றாகத்தான் வாதாடினேன். பஸ் ஏறுமுன்பே மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்புறம், "ஒம் பொண்ணு எத்தினாவது படிக்குது?" என்றார்.

"இந்த வருசந்தான் ஒண்ணாவது சேத்திருக்கேன்."

பஸ் நின்றதும் எனக்கு முன்னால் இறங்கிக் கேட்டைப் பார்த்து நடந்தார்.

கண்ணாடி அறையில் மேனேஜரும் இஞ்சினியரும் நின்றார்கள். நானும் ஓரமாக நின்றேன். அக்கா உட்கார்ந்தார். படம் வந்தது, சாம்பல் பூத்த வளையம். எனக்கே தெரிந்தது, ஓரமில்லாத சாம்பல். அக்கா அதைப் பார்த்தார். கட்டைவிரல் பச்சைக்கு மேல் போய் நின்று, திரும்பி வந்து சிவப்பை அமுக்கியது. அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு.

"மேடம், இது நல்லதுதானே? நல்லாப் பாருங்க," என்றார் இஞ்சினியர்.

"செவப்புங்க."

"அவசரமில்ல மேடம். கிட்டப் போய்ப் பாருங்க."

"செவப்புதாங்க."

இருபது முப்பது படம் போயிருக்கும். இஞ்சினியர் மெதுவாகக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பரவால்ல மேடம், போதும்," என்றார். அப்புறம் மேனேஜரிடம், குரலைத் தாழ்த்தி, ஆனால் அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்கும்படியாக, "கண்ணு போயிடுச்சு சார் அவங்களுக்கு. வயசாகுதில்ல? இப்ப அமுக்கினதையெல்லாம் அழிச்சிடறேன்," என்றார்.

மேனேஜர் இப்போது என்ன செய்வது என்று கேட்டார்.

"ஒண்ணும் பிரச்சினையில்ல சார். இந்த நாலு பேர் துடைச்சு நல்லதுன்னு எடுத்து வைக்கறாங்கல்ல, அதுக்கெல்லாம் துடைக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம் மெஷின்லயே இருக்கு. ரெண்டையும் சேர்த்துட்டா அதுவே கத்துக்கும்."

ஆக அக்கா வந்திருக்கவே வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக நாங்களே அதற்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அடுத்த குளிர் வருவதற்குள் எங்கள் நாலு பேரையும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல.

அந்த நிமிஷத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். எங்கள் வேலை போய்விட்டது என்று அந்த அறையிலேயே தெரிந்துவிட்டது, இனிமேல் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, எங்களுக்காகத் தப்பாக அமுக்கினார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் நீளமான நான் சும்மா நின்றேன். எஞ்சியிருந்த சில வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம்தான். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

பஸ் நிறுத்தம் கம்பெனி கேட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. அக்கா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"என் கண்ணு போவலன்னு நீயாச்சும் உள்ள போயி சொல்லிட்டு வாம்மா," என்றார். "நான் இங்கியே நிக்கறன்."

ரோட்டைக் கடந்து போனேன். கேட்டுக்குள் நுழைந்து, செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குழாய்வரை போனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன்.

"சொல்லிட்டேன்க்கா."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு துடை துடைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். கையை மெதுவாக, ஏதோ ஒரு ட்ரேயில் வைப்பதுபோல விட்டுவிட்டு, வந்து நின்ற தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.